யானைப் பாட்டுக்கு அப்பால்: பிரதிமா பருவா பாண்டேயும் கோவால்பாரியப் பாடல் மரபும்

மேற்கு அசாமின் நாட்டார் பாடகி பிரதிமா பருவா பாண்டே 2002 டிசம்பர் 27 அன்று காலமானார். இன்று அவர் பெயரைச் சொன்னவுடன் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவை இரண்டு பாடல்கள். ஒன்று ‘ஹஸ்தீர் கன்யா’, அதாவது யானையின் மகள். மற்றொன்று பிரிந்து செல்லும் யானைப் பாகனை விளித்துப் பாடும் ‘மோர் மாஹுத் பந்து ரே’. முதல் பாடலின் பெயரே காலப்போக்கில் அவருக்கு அடைமொழியாயிற்று. பிரபீன் ஹசாரிகா அவரைப் பற்றி எடுத்த திரைப்படத்தின் தலைப்பும் அதுவே.

புகழ்பெற்ற பாடல் தன்னைப் பாடியவரை அறிமுகப்படுத்துவதோடு நிற்பதில்லை, அவருடைய மற்றப் பணிகளை மறைக்கவும் செய்கிறது. பிரதிமாவின் பொதுவாழ்வு 1950களின் நடுப்பகுதியில் தொடங்கி நூற்றாண்டின் இறுதிவரை நீண்டது. இந்த நீண்ட காலத்தில் அவர் செய்தது யானைக்காட்டின் இனிமையைப் பாடியது மட்டுமன்று. இரண்டு மாநிலங்கள் உரிமை கொண்டாடிய ஒரு நிலப்பகுதியின் பேச்சுமொழியை, அதன் உழைப்பு, காதல், சடங்கு, கேலி, துறவு ஆகிய எல்லா வகைகளோடும் மேடைக்கும் வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் கொண்டு சேர்த்ததே அவருடைய முதன்மையான வரலாற்றுப் பங்களிப்பு. அதனை விளங்கிக்கொள்ள அந்த நிலத்தின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய கோவால்பாரா மாவட்டம் பிரம்மபுத்திரா அசாமை விட்டு வங்கச் சமவெளியில் இறங்கும் இடத்தில் அமைந்தது. முகலாயர் காலத்திலேயே வங்க நிர்வாகத்தோடு இணைந்த இப்பகுதி, கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியில் ரங்பூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. எனவே 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டம் இங்குள்ள ஜமீன்களையும் தழுவியது. அசாம் பள்ளத்தாக்கின் ஏனைய பகுதிகள் அறியாத ஜமீன்தாரி முறை இங்கு மட்டும் வேர்கொண்டதற்குக் காரணம் இதுவே. 1874இல் அசாம் தனி மாகாணமானபோது கோவால்பாரா அதனோடு சேர்க்கப்பட்டது. நிர்வாகக் கோடுகள் இவ்வாறு இடம்மாறிக்கொண்டிருந்தபோதும் மக்கள் பேச்சு மாறவில்லை. கோவால்பாராவின் மேற்குப்பகுதி, கூச் பிகார், ஜல்பாய்குரி, ரங்பூர் ஆகியவற்றை இணைத்த ஒரே பேச்சுத் தொடர்ச்சி நிலவியது. கிரியர்சன் தம் இந்திய மொழியியல் அளவாய்வில் அதனை ‘ராஜ்பங்ஷி’ எனப் பெயரிட்டு வங்கமொழியின் கிளைமொழியாக வகைப்படுத்தினார். அசாமிய அறிஞர்களோ அதனை அசாமியத்தின் மேற்கத்திய வடிவமாகக் கண்டனர். அப்பேச்சை வழங்கிய மக்கள் பலருக்கு அது ‘தேஷி’ மொழி, அதாவது தம் நாட்டு மொழி.

இந்த வகைப்பாட்டுச் சிக்கல் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. விடுதலைக்குப் பின் மொழிவழி மாநிலச் சீரமைப்புப் பேச்சு எழுந்தபோது மேற்கு வங்கம் கோவால்பாராவின் பகுதிகளைக் கோரியது. 1955இல் மாவட்டத்தில் மொழிக் கலவரம் மூண்டது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் மேற்கு வங்கத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. 1960இல் அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. அதனையொட்டி எழுந்த மோதல்கள் பள்ளத்தாக்கு முழுவதையும் உலுக்கின. பிரதிமாவின் குரல் பொதுவெளியில் முதன்முதலாக ஒலித்தது இந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள்தான். தாம் பேசும் மொழி எது என்பதற்கு விடை சொல்லுமாறு ஒரு மாவட்டமே வற்புறுத்தப்பட்ட காலம் அது.

இந்தப் பேச்சுத் தொடர்ச்சிக்குரிய பாடல் மரபு ‘பவாய்யா’ எனப்படும். நீண்ட இழுப்பும், இழுப்பின் நடுவே குரல் திடீரென முறிந்து மேலேறும் நுட்பமும் இதன் அடையாளங்கள். மேடுபள்ளமான பாதையில் மாட்டுவண்டி குலுங்குகையில் வண்டியோட்டியின் குரல் முறிவதிலிருந்து இந்நுட்பம் பிறந்தது எனப் பாடகர்கள் கூறுவர். இதனை முதன்முதலில் இசைத்தட்டு வழியே பரவலாக்கியவர் கூச் பிகாரில் பிறந்த அப்பாஸுத்தீன் அகமது. 1930களிலும் 1940களிலும் கல்கத்தாவில் பதிவான அவருடைய தட்டுகள் வண்டியோட்டியின் பிரிவுத்துயரை வங்கம் முழுவதும் அறியச் செய்தன. 1947இல் எல்லைக்கோடு இப்பாடல் நிலத்தின் நடுவே விழுந்தது. ரங்பூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது, கூச் பிகார் பின்னர் மேற்கு வங்கத்தோடு இணைந்தது, கோவால்பாரா அசாமில் நின்றது. அப்பாஸுத்தீன் டாக்காவுக்குக் குடிபெயர்ந்தார். கோவால்பாராவிலிருந்து ரங்பூர் வழியாகக் கல்கத்தாவுக்குச் சென்ற இருப்புப்பாதையும் பயனற்றுப்போயிற்று. அசாமை இந்தியாவின் ஏனைய பகுதிகளோடு இணைக்க வடவங்கத்தின் வழியே புதுப்பாதை அமைக்க வேண்டியிருந்தது. அது 1950இல்தான் நிறைவுற்றது.

ஒரே மரபு மூன்று ஆட்சிப்பரப்புகளில் சிதறியபின் அதற்கு வெவ்வேறு பெயர்கள் நிலைத்தன. டாக்காவிலும் கல்கத்தாவிலும் அது பவாய்யா என்றே வழங்கியது. கௌஹாத்தியில் ‘கோவால்பாரிய லோககீத்’, அதாவது கோவால்பாராவின் நாட்டார் பாடல் என்ற பெயர் வழக்கூன்றியது. முதலாவது பெயர் பாடலின் வகையைச் சுட்டுகிறது, இரண்டாவது மாவட்டத்தைச் சுட்டுகிறது. இந்த இரண்டாம் பெயருக்கு உருவமும் குரலும் தந்தவர் பிரதிமா.

அவர் 1930களின் நடுப்பகுதியில் கௌரிபூர் ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். கௌரிபூர் இன்றைய துப்ரி மாவட்டத்தில் உள்ளது. அவருடைய பெரிய தந்தையார் பிரமதேஷ் பருவா, 1935இல் வெளிவந்த ‘தேவதாஸ்’ படத்தின் இயக்குநராகவும் நாயகனாகவும் இந்தியத் திரைவரலாற்றில் இடம்பெற்றவர். தந்தை பிரகிருதீஷ் சந்திர பருவா, ‘லால்ஜி’ என அழைக்கப்பட்டவர், யானைகளைப் பிடிப்பதிலும் பழக்குவதிலும் பெரும் பெயர் பெற்றவர். அத்தை நிஹார் பருவா கோவால்பாராவின் பாடல்களையும் சடங்குகளையும் தேடித் தொகுத்தவர். ஆக ஒரே குடும்பத்தில் திரைப்படமும், காட்டுத்தொழிலும், வழக்காற்றுத் தொகுப்பும் ஒருங்கே இருந்தன. பிரதிமாவின் பிற்கால வாழ்வை இம்மூன்றும் சேர்ந்தே வடிவமைத்தன.

பள்ளிக்கல்வியின் ஒரு பகுதியை அவர் கல்கத்தாவில் பெற்றார். கல்கத்தாவின் மேட்டுக்குடிப் பெண்களுக்குப் பொருத்தமான இசையாகக் கருதப்பட்ட ரவீந்திர சங்கீதத்தை அங்கே கற்றார். பவாய்யாவுக்கு அவ்வுலகில் இடமில்லை. அது வண்டியோட்டிகளும் எருமை மேய்ப்பவர்களும் பாடுவது, ‘சிறியோர்’ பாட்டு, அதன் சொற்களில் நாணத்திற்கு இடமில்லை என்பதே கௌரிபூரின் கற்றறிந்த வீடுகளிலும் நிலவிய எண்ணம். அப்பாடல்களை அவர் கற்றது குருவிடம் அன்று. வீட்டில் பணிபுரிந்தோரிடமும், தந்தையோடு சென்று தங்கிய யானை முகாம்களில் பாகர்களிடமும் கேட்டுக் கேட்டுப் பயின்றார்.

கௌரிபூருக்கு வந்த பூபேன் ஹசாரிகா இக்குரலைக் கேட்டது திருப்புமுனையாயிற்று. ஹசாரிகா அப்போது இந்திய மக்கள் நாடக மன்றத்தின் இயக்கத்தோடு நெருக்கமாக இருந்தார். உழைக்கும் மக்களின் பாடல்களைப் பொதுவெளிக்குக் கொண்டுவருவது அவ்வியக்கத்தின் கொள்கை. 1956இல் அவர் இயக்கிய ‘எரா பாட்டர் சுர்’ திரைப்படத்தில் பிரதிமாவின் பாடல் இடம்பெற்றது. 1958இல் வந்த ‘மாஹுத் பந்து ரே’ படத்தின் தலைப்பே கோவால்பாராவின் பாகன் பாட்டிலிருந்து வந்தது. ஒரு ஜமீன் மாளிகையின் முற்றத்தில் ஒலித்த குரல் இப்படங்களால் அசாம் முழுவதையும் எட்டியது. ஆனால் திரைப்படம் ஒரு தேர்வையும் செய்தது. காட்சிக்கு எடுப்பான யானையும், கதைக்கு ஏற்ற காதலும் கலந்த பாடலே முன்னிறுத்தப்பட்டது. அன்று தொடங்கிய அத்தேர்வு இன்றுவரை தொடர்கிறது.

யானை முகாமின் பாடல்களே ஒருவகைப்பட்டவை அல்ல. ‘மேலா ஷிகார்’ எனப்படும் பிடிப்புமுறையில், பழக்கிய யானையின் மேலமர்ந்து காட்டு யானையைத் துரத்திச் சென்று கழுத்தில் கயிற்றுச் சுருக்கை எறிவர். சுருக்கு எறிபவர் ‘பாந்தி’. பழக்கிய யானைக்கு அங்கே ‘குன்கி’ என்று பெயர். தமிழில் வழங்கும் ‘கும்கி’யும் ‘மாவுத்த’னும் இதே சொற்குடும்பத்தின் உறவினர்கள்தாம். இத்தொழில் மாதக்கணக்கில் காட்டில் தங்கிச் செய்யவேண்டியது, உயிர்ச்சேதம் மிக்கது. எனவே முகாமில் காட்டுத்தெய்வங்களை வேண்டும் பாடல்கள் இருந்தன. பிடித்த யானையின் உடலைத் தேய்த்துவிட்டவாறே அதன் சினத்தைத் தணிக்க இரவெல்லாம் பாடும் பழக்கப் பாடல்கள் இருந்தன. இவற்றுக்கு அப்பால், பாகன் சென்றுவிட்டால் திரும்புவானோ என அஞ்சும் பெண்ணின் குரலில் அமைந்த பிரிவுப் பாடல்கள் இருந்தன. பெரும்புகழ் பெற்றது இந்த மூன்றாம் வகை மட்டுமே. அதனைத் தனியே எடுத்துக் கேட்கும்போது இனிய காதல் பாட்டாகத் தோன்றுகிறது. ஏனைய இரண்டோடும் சேர்த்துக் கேட்டால், பிரிவுக்கு அடியில் உள்ள தொழிலும் அதன் கூலியும் அபாயமும் புலப்படும். பாகன் திரும்பாமற்போவதற்கு வேறொரு பெண் மட்டுமே காரணமாக இருக்கவேண்டியதில்லை.

யானையை விட்டு வெளியே வந்தால் பிரதிமாவின் பாடற்பரப்பு மேலும் விரிகிறது. ‘மொய்ஷால்’ பாடல்கள் எருமை மேய்ப்போருடையவை. பிரம்மபுத்திராவின் ஆற்றிடைத் திட்டுகளில் ‘பாத்தான்’ எனப்படும் கால்நடைப் பட்டிகள் அமைத்து மாதக்கணக்கில் தங்கியவர்களின் தனிமையும், அவர்களை விரும்பிய ஊர்ப்பெண்களின் ஏக்கமும் அவற்றின் பொருள். பாகன் பாட்டும் எருமை மேய்ப்போன் பாட்டும் வண்டியோட்டியின் பாட்டும் அமைப்பில் ஒன்றே. வேலைக்காக ஊரைவிட்டு நீங்கும் ஆணை நோக்கி, நிலையாக ஓரிடத்தில் நிறுத்தப்பட்ட பெண் பேசுகிறாள். ‘சட்கா’ வகைப் பாடல்கள் இதற்கு நேர்மாறானவை. விரைந்த தாளம், வீட்டுச் சண்டை, கிழக்கணவனைப் பற்றிய ஏளனம், மாமியார் கொடுமை, சந்தைச் செலவு என அன்றாடம் அவற்றில் கேலியாகிறது. பவாய்யாவில் ஏங்கும் பெண் சட்காவில் வாய்த்துடுக்காகப் பதில் சொல்கிறாள். இவ்விரண்டையும் ஒரே குரலில் அடுத்தடுத்துக் கேட்டால்தான், நாட்டார் பாடலின் பெண் எப்போதும் கண்ணீரோடு காத்திருப்பவள் என்ற எண்ணம் தகரும். இவை தவிர, கமலா என்னும் அழகியின் நடனத்தைப் பாடும் ஆடற்பாடல், மனிதவுடல் குறித்துச் செருக்குக் கொள்ளாதே என எச்சரிக்கும் தேகதத்துவப் பாடல் ஆகியனவும் அவருடைய தொகுதியில் முதன்மை பெற்றவை. உடலை அழியும் கலமாகக் காணும் அப்பாடல் பாவுல், வைணவ, பக்கீர் மரபுகள் ஒன்றோடொன்று கலந்த வடவங்க ஆன்மிகத்தின் குரல். அதனைக் காதல் பாட்டின் பக்கத்தில் வைத்துப் பாடியதில் அம்மரபின் முழுமை வெளிப்பட்டது.

அவர் பாடிய முறையும் கருதத்தக்கது. தோதரா, சாரிந்தா, புல்லாங்குழல், டோல் ஆகிய உள்ளூர்க் கருவிகளே பக்கம் நின்றன. குரல் மெருகிடப்பட்டதன்று. சற்றே தடித்த, மண்ணின் சொரசொரப்பு மாறாத குரல். கல்கத்தாவில் பயின்ற ஒருவருக்கு இக்குரலைத் தூய்மையாக்குவது எளிதாக இருந்திருக்கும். சொற்களைச் செந்தர அசாமியத்திற்கோ செந்தர வங்கமொழிக்கோ நெருக்கிப் பாடுவதும் இயலக்கூடியதே. மேடைக்கு வந்த பல நாட்டார் மரபுகளுக்கு அவ்வாறே நேர்ந்தது. பிரதிமா கோவால்பாராவின் உச்சரிப்பையும் வினைமுடிபுகளையும் அப்படியே வைத்துக்கொண்டார். எந்த மொழியின் கிளைமொழி இது என்ற பூசலில் அவர் பாடல்கள் தரப்பு எடுக்கவில்லை. அவை அம்மொழியிலேயே ஒலித்தன, அவ்வளவே. கௌஹாத்தி வானொலியில் கோவால்பாரிய லோககீத் தனிவகையாக நிலைபெற்றதும், மேல் அசாமின் கேட்போர் தமக்குப் பாதி மட்டுமே விளங்கிய அப்பாடல்களைத் தம்முடையனவாக ஏற்றதும் ஒரு சிறு அரசியல் நிகழ்வு என்றே கொள்ளவேண்டும். அசாமியப் பண்பாடு என்பதன் எல்லை மேற்கே விரிந்தது. அதே வேளையில் ஒரு இழப்பும் நேர்ந்தது. கூச் பிகாருக்கும் ரங்பூருக்கும் உரிய பொதுச்சொத்து ஒரு மாவட்டத்தின் பெயருக்குள் அடங்கியதாகத் தோன்றலாயிற்று. மாநில அடிப்படையில் நாட்டார் மரபுகளைப் பங்கிடும் பழக்கம் இந்தியா முழுவதும் விளைவித்த சிக்கல் இது.

இவ்வரலாற்றில் தவிர்க்கமுடியாத ஒரு கேள்வி வர்க்கம் பற்றியது. பாகர்களின் பாட்டைப் புகழ்பெறச் செய்தவர் பாகர்களை வேலைக்கு வைத்திருந்தவரின் மகள். அசாமில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1951இல் இயற்றப்பட்டது. அவ்வமைப்பு சரிந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே பிரதிமா பாடகியாக எழுந்தார். ஆட்சியை இழந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் பெண், தம் குடிகளின் பாடல் வழியே புதிய பொதுவாழ்வொன்றைக் கண்டடைந்தார் எனலாம். இதில் அபகரிப்பின் கூறு இல்லாமல் இல்லை. அவருக்குப் பாடல் தந்த பாகர்கள், பணிப்பெண்கள் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் இசைத்தட்டின் உறையில் ஏறவில்லை. எனினும் அவர் அப்பாடல்களைத் தம் குடிப்பெருமைக்கு ஏற்பத் திருத்தவில்லை என்பதும், குடும்பத்து மானத்திற்கு இழுக்கு எனக் கருதப்பட்ட பாடல்களை ஒரு பெண் மேடையில் நின்று பாடுவது அன்று எளிய செயலன்று என்பதும் அதே தராசில் வைக்கப்படவேண்டியவை. திருமணத்திற்குப் பின்னும் அவர் கௌரிபூரிலேயே வாழ்ந்து பாடினார். கலைக்காகத் தலைநகருக்குக் குடிபெயரவில்லை.

அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. 1988இல் சங்கீத நாடக அகாதமி விருதும் 1991இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. அப்போது அவர் பாடத்தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன. அதற்குள் அவர் பாடிய உலகம் மாறிவிட்டிருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை 1977இல் முதலாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. யானை பிடிக்கும் தொழில் அதனோடு ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. காட்டு யானைகளை ஊரிலிருந்து விரட்டவும் பிடிபட்டவற்றைப் பழக்கவும் மட்டுமே அத்திறன் எஞ்சியது. அத்திறனைக் காத்த தங்கை பார்வதி பருவா 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். ஒரே முகாமில் வளர்ந்த இரு பெண்களில் ஒருவர் அதன் பாட்டையும் மற்றவர் அதன் தொழிலறிவையும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தனர். 1977க்குப் பின் பிரதிமா பாடிய ஒவ்வொரு பாகன் பாட்டும் தொழிற்பாடல் என்ற நிலையிலிருந்து நினைவுப்பாடல் என்ற நிலைக்கு நகர்ந்துவிட்டது. கேட்போர் அதில் இழந்த காட்டை உணர்ந்தனர். அப்பாடலின் புகழ் கூடிக்கொண்டே போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாபி சர்மா பருவா 2016இல் இயக்கிய ‘சோனார் பரன் பாகி’ திரைப்படம் பிரதிமாவின் வாழ்வை அவர் பாடிய மொழியிலேயே சொன்னது. யானையைத் தாண்டி மொழியை மையப்படுத்தும் பார்வை உருவாகிவருவதற்கு அது ஒரு சான்று.

நாட்டார் வழக்காற்றியல் பயில்வோர் இவ்விடத்தில் ஒரு முரணைக் கவனிக்கலாம். பிரதிமாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பாடல்கள், இன்று எவரும் செய்யாத ஒரு தொழிலின் எச்சங்கள். அப்பாடல்களை இன்று பாடும் எவரும் சுருக்குக்கயிற்றைக் கையிலெடுக்கப் போவதில்லை. அவருடைய தொகுதியில் அரைகுறையாக நினைவுகூரப்படும் ஏனைய வகைகள் பிறந்த மண்ணோ இன்னும் உலரவில்லை. துப்ரியிலும் கூச் பிகாரிலும் மணவீட்டில் பெண்கள் பாடுகின்றனர். கார்த்திகை மாதத்தில் காத்தி பூஜைக்குக் கூடி இரவில் பாடுகின்றனர். மழை பொய்க்கும் ஆண்டுகளில் ஆண்களை விலக்கிவைத்து ஹுதும் தெய்வத்தை வேண்டிப் பாடுகின்றனர். கிழக்கணவனைக் கேலிசெய்யும் சட்காவுக்குச் சிரிக்க அங்கே ஆளுண்டு. அடுத்த ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு கௌரிபூருக்குச் செல்வாரானால், யானைப் பாட்டைக் கேட்டுப் பதிவுசெய்வதற்கு முன் இப்பெண்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சென்ற முறை விடுபட்டவை அப்பெயர்களே.